பாஷை தெரியாதவன்

ஒன்பது கேள்வி முடிகிற வரைக்கும் யுவராணி ஓர் இடத்திலும் திக்கவில்லை.

லேப்டாப்பில் ஒரு ஜெர்மன்கார அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ்; வேலைக்கு ஆளெடுக்கிறவள். திண்டுக்கல்காரியின் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது.

லேப்டாப்புக்குப் பின்னால், கேமராவில் விழாத இடத்தில், புருஷன் முத்துக்கிருஷ்ணன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் நோட்டு. பதினைந்து கேள்வி, பதினைந்து பதில். எல்லாம் ஜெர்மன், எழுத்து மட்டும் தமிழ்.

எட்டு மாதமாக இந்த வீட்டில் அந்த ஜெர்மன்கார அம்மாளைப் போலக் கேள்வி கேட்கிற வேலையைப் பார்த்தவன் அவன்தான்.

பேசிப் பழக வழி சொன்னது ஆன்லைன் வாத்தியார். கண்ணாடி முன்னால் நின்று பேசுங்கள். செய்கிற வேலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். வீட்டில் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வாயில் வராத வாக்கியத்தை, யாரும் இல்லாத இடத்தில் நூறு தடவை சொல்லுங்கள்.

யுவராணி ஒன்றையும் விடவில்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே குழம்பு கிண்டுவதை ஜெர்மனில் சொன்னாள். யாரும் இல்லாத இடமென்று அவளுக்குக் கிடைத்தது குளியலறைதான். குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். வெளியே ஓர் எழுத்து கேட்காது.

"இவ குளிக்கிறாளா, ஊருக்கே தண்ணி விடுறாளா?" மாமியார் சிவனம்மாள் நாள் தவறாமல் கேட்பாள்.

கேள்வி கேட்கிற ஆள் முத்துக்கிருஷ்ணன். வெங்காய மண்டியிலிருந்து வந்ததும் பனியனோடு உட்கார்ந்து, கட்டைக் குரலில் வாசிப்பான்.

"மூட்டை என்ன வெலைன்னு கேக்குற மாதிரியே இருக்கு மாமா" என்று சிரிப்பாள்.

ஓர் அட்சரமும் புரியாமல் வாசிக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நினைக்கட்டும் என்று விட்டிருந்தான். அது தொழில் பழக்கம்.

வெங்காயப் பேட்டைக்குக் கேரளத்திலிருந்து சரக்கெடுக்க வருகிறவர்கள், எதுவரைக்கும் ஏறலாம் என்று அவன் முன்னாலேயே மலையாளத்தில் பேசிக்கொள்வார்கள். தரகன் முத்துக்கிருஷ்ணன் பல்லைக் குத்திக்கொண்டு கூரையைப் பார்ப்பான். மலையாளம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபது வருஷத்தில் ஒருத்தனும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் நிஜ விலையைச் சொல்வார்கள். பாஷை தெரியாதவனிடம் யார் எதை ஒளிக்கப்போகிறார்கள்?

ஜெர்மனையும் அப்படித்தான் சத்தமில்லாமல் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டான். ஒரு வருஷம் கழித்து அவள் கூப்பிட்டுக்கொள்ளும்போது, விமான நிலையத்தில் இறங்கி நாலு வாக்கியம் எடுத்துவிட்டால் அவள் முகம் எப்படிப் போகும்! நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்வான்.

நர்ஸ் வேலைக்குத் திரும்பிப் போகிறேன் என்று கல்யாணமானதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவளை, 'வார வருஷம் பாக்கலாம்' என்று ஏழு வருஷம் இழுத்தவனும் அவன்தான். ஜெர்மனிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், புருஷனும் பின்னாலேயே போகலாம் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் பேரம் படிந்தது.

பத்தாவது கேள்வி வந்தது.

உங்கள் கணவர் இங்கே எப்போது வருகிறார்?

எட்டு மாதமும் தகராறு செய்தது இந்த ஒரு கேள்விதான். 'ஒரு வருஷத்தில் என் கணவரை அழைத்துக்கொள்வேன்.' நோட்டிலேயே சின்னப் பதில். அதில் மட்டும் அவளுக்கு நாக்கு சிக்கிக்கொள்ளும். பாதியில் நின்றுவிடுவாள்.

"இத்துனூண்டு பதிலுக்கு இம்புட்டு முக்கலா புள்ள?" என்று அவன் கேலி செய்வான்.

இப்போதும் சிக்கிக்கொள்ளப் போகிறாள் என்று நோட்டைத் தூக்கி அவள் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜெர்மனில் சொன்னாள்.

வர மாட்டார். நான் தனியாகத்தான் வருகிறேன், தனியாகத்தான் இருப்பேன். அவருக்கு இன்னும் தெரியாது.

ஒரே மூச்சு. ஒரு தடங்கல் இல்லை.

ஜெர்மன்கார அம்மாள் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டு, "புரிகிறது" என்றாள். அதுவும் அவனுக்குப் புரிந்தது.

முத்துக்கிருஷ்ணன் கூரையைப் பார்த்தான். பல் குத்தக் கையில் ஒன்றும் இல்லை.

மீதி ஐந்து கேள்வியும் முடிந்து திரை அணைந்தது.

"வேலை கெடைச்சிருச்சு மாமா! பேப்பர் அனுப்புறாங்களாம்." மூச்சு வாங்கினாள். "நான் பேசுனதுல ஒங்களுக்கு ஏதாச்சும் புரிஞ்சுச்சா?"

சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் அவன் முகத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தது.

"எனக்கென்ன புள்ள புரியும், வெங்காயத் தரகனுக்கு? நோட்டுல இருந்ததத்தான சொன்ன?"

"அதேதான் மாமா."

கொல்லையிலிருந்து சிவனம்மாள் மகனைக் கூப்பிட்டுக் கத்தினாள். "அப்பு, மோட்டரப் போடு. விடிய ரொப்புன தொட்டி, கை கழுவச் சொட்டுத் தண்ணி இல்ல!"

எழுந்து போய் சுவிட்சில் விரலை வைத்தவன், அழுத்தாமல் நின்றான்.

காலையில் முக்கால் மணி நேரம் குளியலறைக் குழாய் ஓடியபோது, "படிக்கிறாம்மா, விடு" என்று அம்மாவை அடக்கியது அவன்தான்.