டீசலுக்கு ஒரு கையெழுத்து

தம்பியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஐந்தாவது முறையும் அதே பெண்குரல் சொன்னது. மீட்புப் படகு நிலையத்தின் ஸ்டோர் அக்கா போனை மேஜையில் போட்டுவிட்டு வயர்லெஸ் பெட்டியை நோக்கி ஓடினாள்.

"சின்ன போட்டு... ரெண்டு பேரு... இன்ஜின் நின்னுபோச்சு... தண்ணி ஏறுது."

"யாரு பேசுறது? பேரைச் சொல்லுங்க."

இரைச்சல்தான் பதில். கலங்கரை விளக்கப் பாறைக்குக் கிழக்கே என்பது மட்டும் முன்னமே தெளிவாகக் கேட்டிருந்தது. தம்பி தினமும் வலை போடுகிற இடம்.

மீட்புப் படகின் டிரைவர் மூச்சிரைக்க வந்து நின்றார். "அக்கா, டேங்க் காலி. பம்ப்பைத் திறந்துவிடுங்க."

பம்ப் இப்போது அவள் கையில் இல்லை. மறுசீரமைப்பு என்று சொல்லி ஸ்டோர், பராமரிப்பு, சம்பளம் எல்லாவற்றையும் தலைமையகத்தில் ஒரே சேவை மையமாக்கிவிட்டார்கள். போன வாரம் பம்ப்புக்கு எண் பூட்டு வந்தது. இருபத்திரண்டு வருடம் டீசல் அளந்து கொடுத்தவளுக்கு இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது.

மையத்துக்குப் போன் போட்டாள்.

"பதிவு பண்ணிட்டேன் மேடம். மூணு வேலை நாள்ல பதில் வரும்."

"மூணு நாள் ஒருத்தனால மிதக்க முடியுமாம்மா?"

"புரியுது மேடம். புது இயக்குநர் கையெழுத்து இல்லாம நம்பரைக் குடுத்தா என் வேலை போயிடும்."

இயக்குநரின் உதவியாளரைப் பிடித்தாள். "சார் காலையிலேயே ஆய்வுக்குக் கிளம்பிட்டாரு. எங்கேன்னு சொல்லல, திடீர்னு போய் நின்னாதான் உண்மை தெரியும்னாரு. நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன், லைன் கிடைக்கல."

வயர்லெஸ் கரகரத்தது. "இடுப்பு வரைக்கும்..." அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

அக்கா சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கோடரியைக் கழற்றினாள். வயதான காவலாளி வழியை மறித்தார்.

"வேணாம்மா. உன் பென்ஷன் பேப்பர் இன்னும் அவங்க மேஜையிலதான் இருக்கு. அரசாங்கச் சொத்தை உடைச்சதா ஒரு வரி எழுதினா மொத்தமும் போச்சு."

"என் தம்பி போனா திரும்பி வருவானா? தள்ளுங்க."

மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. டீசல் ஏறியதும் படகு சீறிக்கொண்டு கிளம்பியது.

அரை மணி நேரம் அவள் படித்துறையை விட்டு நகரவில்லை. கையில் இருந்த போன் அடித்தது.

"என்னக்கா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? போன்ல சார்ஜ் தீந்துபோச்சு. வலை கிழிஞ்சிருச்சுன்னு இன்னைக்குக் கடலுக்கே போகல, வீட்லதான் இருக்கேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்துகொண்டே இருந்தது. தம்பி "அக்கா, அக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

போன் பேச்சு காதில் விழுந்த காவலாளி பெருமூச்சு விட்டார். "யாரோ ஒருத்தனுக்காக உன் வாழ்க்கையைத் தொலைச்சிட்டியேம்மா."

"அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா," என்றாள், முகத்தைத் துடைத்தபடி.

உள்ளே வயர்லெஸ்ஸில் டிரைவரின் குரல் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

"ரெண்டு பேரையும் உசுரோட ஏத்தியாச்சுக்கா. ஒருத்தர் வாடகைப் போட்டுக்காரரு."

"இன்னொருத்தர்?"

"நம்ம புது இயக்குநர். டீசலுக்கு எங்க கையெழுத்துப் போடணும்னு கேக்குறாரு."