ஆம், உடனே

"இதுல சூடே இல்லையேம்மா," என்றார் ஜெயக்குமார், போனைப் பார்த்தபடி.

திருச்சிச் செய்திகளை மட்டும் போடும் ஒரு வாட்ஸ்அப் சேனல் அவருடையது. அதில் தினமும் ஒரு கருத்துக்கணிப்பு வரும். கேள்வி எழுதுவது ஃபெமினாவின் வேலை.

அன்று காலை அவள் போட்டிருந்த கேள்வி இது: 'ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டோரத்தில் சிறு வியாபாரிகள் கடை போடலாமா?'

முக்கால்வாசிப் பேர் 'போடலாம்' என்று சொல்லியிருந்தார்கள். அதோடு சரி. யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

"போடலாம்னு ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டே இருக்காங்க. படிக்கிறவனுக்குக் கொஞ்சமாவது கோபம் வர வேண்டாமா? இதைத் தூக்கிடு. மாத்திப் போடு."

"விஷயம் அதேதானே சார்?"

"விஷயம் அதேதான். வார்த்தையை மாத்து. 'வியாபாரி'ன்னு எங்கேயும் வரக்கூடாது. வந்தா பாவம் பாப்பாங்க."

ஃபெமினாவுக்கு அது கைவந்த கலை. டீ ஆறுவதற்குள் எழுதிக் காட்டினாள்.

'புனித நீராட வரும் பக்தர்களை நடக்கவிடாமல் வழிமறிக்கும் ஆக்கிரமிப்பாளர்களை அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து அகற்ற வேண்டுமா?'

கீழே இரண்டே பதில்கள். 'ஆம், உடனே.' 'இல்லை, பக்தர்கள் அவதிப்படட்டும்.'

ஜெயக்குமார் சிரித்துவிட்டார். "இல்லைன்னு எவன் போடுவான்?"

"அதுக்குத்தானே சார்."

சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. குடும்பக் குரூப், பழைய மாணவர் குரூப், அபார்ட்மெண்ட் குரூப் எதையும் விடவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் 'ஆம், உடனே' என்றார்கள். மறுநாள் 'கொதிக்கிறது ஸ்ரீரங்கம்' என்று தலைப்பு வைத்து முடிவை வெளியிட்டார் ஜெயக்குமார். அதை அதிகாரிகளுக்கும் அனுப்பி வைத்தார்.

அந்த வாரமே கடைகளை அள்ளிக்கொண்டு போக மாநகராட்சி லாரி வந்துவிட்டது.

"அந்த வியாபாரிங்ககிட்ட ரெண்டு வார்த்தை வாங்கிட்டு வந்துடும்மா," என்றார் ஜெயக்குமார். இப்போது அந்த வார்த்தை அவர் வாயில் தாராளமாக வந்தது. "யாராவது அழுதா விட்டுடாதே. அதையும் எடுத்துடு."

பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது ஃபெமினாவுக்குத் தான் எழுதிய கேள்வி நினைவுக்கு வந்தது.

நான் கேள்விதானே கேட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். தூக்கச் சொன்னது ஜனங்கள். அதில் பாதிப் பேர் அந்தக் கடைகளிலேயே பூவும் பழமும் வாங்கியிருப்பார்கள். அவர்களுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. நினைக்க நினைக்க அந்தத் தொண்ணூற்றொரு பேர் மேல் கோபமாக வந்தது. கோபம் வந்ததும் மனசு கொஞ்சம் தேவலாம் போலிருந்தது.

அம்மா மண்டபம் ரோடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காலியான ஓரத்தில் அதற்குள் நாலைந்து கார்கள் வந்து நின்றுவிட்டன. இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, சிதறிக் கிடந்த அகத்திக்கீரையைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றில் திதி கொடுத்துவிட்டு வருகிறவர்கள் பசுமாட்டுக்குக் கொடுக்க வாங்குகிற கீரை.

"டிவியாம்மா?" என்றாள், ஃபெமினா கையிலிருந்த மைக்கைப் பார்த்து.

"வாட்ஸ்அப்ல வரும்க்கா. உங்க பேரு?"

"வேணி. ஜீயபுரம். விடிய பஸ்ஸுல கீரையைப் போட்டுக்கிட்டு வந்துடுவேன். கல்யாணமாகி வந்ததுலேருந்து இதே இடம்தான்."

"இனிமே என்னக்கா பண்ணப் போறீங்க?"

"தெருத்தெருவாத் தூக்கிட்டுப் போய்த்தான் விக்கணும். முழங்கால் ஒத்துழைக்குமான்னு தெரியல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது ஃபெமினாவுக்கு. மைக்கை அணைத்துப் பையில் போட்டாள். போகாமல் நின்றாள். தன்மேல் தப்பில்லை என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் போலிருந்தது.

"ஜனங்களே கேட்டுத்தான் இப்படி எடுத்தாங்களாம்க்கா. போன்ல வந்துச்சே, நீங்க பாக்கலையா? நூத்துக்குத் தொண்ணூத்தோரு பேரு உடனே எடுக்கச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம்கூட இரக்கமில்லாத ஜனங்க."

"பாத்தேனே," என்றாள் வேணி. "நானும் ஆமான்னுதான் போட்டேன்."

ஃபெமினாவுக்கு உடனே விளங்கவில்லை. "நீங்களா? உங்களை எடுக்கறதுக்கா?"

"எங்களைன்னு அதுல எங்கம்மா இருந்துச்சு? வழிமறிக்கிறவங்க, ஆக்கிரமிப்பாளருன்னுல்ல போட்டிருந்துச்சு. இந்தா, இப்பிடிக் குறுக்க காரைப் போட்டுட்டுப் போறாங்க பாருங்க, இவங்களைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். பாவம், வயசானவங்க படித்துறைக்குப் போக முடியாம தடுமாறுறதைத் தினம் பாக்குறேன்ல. அவங்க அவதிப்படட்டும்னு எப்பிடிம்மா போட மனசு வரும்?"

வாழைநாரை இழுத்துக் கீரைக்கட்டை முடிந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"நான் ஒருத்தி போட்டாப் பத்தாதுன்னு, இந்த வரிசையில கடை போட்டிருந்த எல்லாருக்கும் அனுப்பி, அத்தனை பேரையும் ஆமான்னு போட வச்சதே நான்தாம்மா."