ஒன்பது பேருக்குக் காத்திருந்த கிலுகிலுப்பை

ஒரு வீட்டில் பழைய சேலையில் கட்டிய தூளி ஒன்று தொங்கியது. அதன் கயிற்றில் ஒரு கிலுகிலுப்பையும் தொங்கியது. சொந்தமாக ஒரு தாலாட்டு கட்டிப் பாட வேண்டும் என்று அதற்குக் கொள்ளை ஆசை.

அன்று மத்தியானம் தூளிக்குள் பாப்பா வீறிட்டு அழுதாள்.

"பாடேன்டி! பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கப் போகுது," என்றது தூளி.

"கொஞ்சம் பொறுங்கக்கா. கிரேக்க தேசத்துல பாட்டுக்குன்னே ஒன்பது அம்மன் இருக்காங்களாம், எல்லாரும் அக்கா தங்கச்சிங்க. அவங்க வந்து காதுல ஓதினாத்தான் பாட்டு வருமாம். நம்ம வீட்டம்மா புத்தகம் வாசிச்சப்போ கேட்டேன்."

"ஒன்பது பேரா? இந்தக் கயித்துல எங்கடி உட்கார வைப்பே? அக்கா தங்கச்சி பேசி முடிக்கவே பொழுது சாஞ்சிடுமே!"

கிலுகிலுப்பை அசையாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அழுத வேகத்தில் பாப்பா காலைத் தூக்கி ஓர் உதை விட்டாள். கிலுகிலுப்பை குலுங்கியது. குலுங்கிய குலுக்கலில் தன்னை மறந்து பாடிவிட்டது:

"உதைக்கிற காலே உதைச்சுக்கோ,
ஒண்ணே ஒண்ணு சிரிச்சுக்கோ,
சிரிச்ச வாயி மூடுமுன்னே
சின்னக் கண்ணை மூடிக்கோ!"

பாப்பா பொக்கை வாயால் சிரித்தாள். இரண்டு கொட்டாவி விட்டாள். அப்படியே தூங்கிப்போனாள்.

கிலுகிலுப்பைக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, அக்கா! பாட்டு வந்துடுச்சு! ஒன்பது பேர்ல யாரு வந்தது?"

"கத்தாதேடி," என்று மெல்ல ஆடியது தூளி. "வந்தவ இப்பத்தான் கண்ணசந்திருக்கா."