மக்கர் பண்ணிய இன்ஜின்

"சனியனே! இன்னைக்கே உன்னைப் பழைய இரும்புக்குப் போடுறேன் பாரு!"

கோவிந்தராசு ஸ்பேனரை வீசி எறிந்தார். குறுவை வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் அசைந்து கொடுக்கவில்லை. காலையிலிருந்து இதே கூத்து.

வரப்பில் நின்ற மகள் கனிமொழி அம்மாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, நாளைக்குச் சொல்லிக்கலாமே. இவ்வளவு கோவமா இருக்காரு."

"இன்னைக்கேதான் சொல்லணும். முதல்ல அவரு கத்தி முடிக்கட்டும்" என்றாள் அம்சம், பதற்றமே இல்லாமல்.

கடைசியில் கோவிந்தராசு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "டீசல் டேங்குக் குழாய் மூடியிருக்கு! இதைப் பாக்காம எல்லாத்தையும் கழட்டிப் போட்டேனே!"

இன்ஜின் ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. அவர் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் கனிமொழி சொல்லிவிட்டாள்.

"அப்பா, என்கூட வேலை பாக்குற பகலவனைத்தான் கட்டிக்கணும்னு ஆசைப்படுறேன்."

காலையிலிருந்து கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்த கோவிந்தராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே கத்தத் தெம்பில்ல. வரச் சொல்லு, பேசுவோம்."

வீடு திரும்பும்போது கனிமொழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, குழாய் மூடியிருந்துச்சு."

"அது தானாவா மூடிக்கும்?" அம்சம் சிரித்தாள். "உங்கண்ணன் வேலையை விட்டுட்டேன்னு சொன்ன அன்னைக்கு, இன்ஜின் பெல்ட்டு எங்க போச்சுன்னு நினைக்கிற?"