இன்னும் கொஞ்சம் குறை

"இருபது மில்லிமீட்டர் தண்டுன்னா இருபதுல இருக்கணும்மா. இது தடியா நிக்குது. கண்ணை வீட்ல வெச்சுட்டு லேத்தாண்ட வந்தியா?"

பட்டறைப் பயிற்சி மாஸ்டர் சத்யராஜ் தன் மைக்ரோமீட்டரைத் திரிஷாவின் மூக்கருகே நீட்டினார். கூடப் படிப்பவர்கள் சிரித்தார்கள்.

"என்னோடதுல அளந்தேன் சார். சரியா இருந்திச்சு."

"உன்னுது கிடக்கட்டும். முந்தாநாள் ஆயுத பூஜைக்கு அத்தினி பேரும் வந்தாங்க. நீ மட்டும் ஐயம்பேட்டையில தூங்கிக்கினு இருந்த. கருவியை மதிக்காதவளுக்கு அளவு எங்க வரும்? இன்னும் கொஞ்சம் குறை."

அவள் மறுபடி கடைந்து குறைத்தாள். அவர் அளந்து பார்த்து, "இப்பதான் இருபது" என்று தண்டைத் தட்டில் போட்டார்.

மதியம், தண்டுகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்த கம்பெனியிலிருந்து தனசேகரன் வந்து அளந்தார்.

"மெலிஞ்சு போச்சே மாஸ்டர். இது தேறாது."

"நானே அளந்தேன். உங்க கம்பெனி மைக்ரோமீட்டரைத் தூக்கி பாலாத்துல போடுங்க."

தனசேகரன் சத்யராஜின் மைக்ரோமீட்டரை வாங்கி, தண்டைக் கவ்வும் அதன் வாயை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் குங்குமத்தோடு உதிர்ந்தது.

"சந்தனத்தையும் சேத்து அளந்துக்கினு இருந்திருக்கீங்க. வாய்க்குள்ள போய் பொட்டு வெச்சது யாரு?"

பட்டறை மொத்தமும் சத்யராஜைப் பார்த்தது. அவர் திரிஷாவிடம் திரும்பினார்.

"பொட்டு வெக்கிறது பொம்பளைங்க வேலை. நீ பூஜைக்கு வந்திருந்தா, நான் ஏன்மா வெக்கப்போறேன்?"