கடைசி சீட்டு

அந்த ஆளைப் பார்த்தாலே தெரசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் பெண்டாட்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுக்கிறாள். இவன் என்னடாவென்றால் முகத்தை எதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மலையை வேடிக்கை பார்க்கிறான். முதுகை நீவிவிடக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

கொல்லிமலையிலிருந்து இறங்குகிற பஸ். எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் வாந்தி எடுப்பதெல்லாம் ஒரு அதிசயமே இல்லை. ஆனால் முன்னால் சீட்டு காலியாக இருக்கும்போது, தூக்கித் தூக்கிப் போடுகிற கடைசி சீட்டில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைப்பானா ஒருத்தன்?

தெரசா மலையில் கிராம சுகாதார நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்காகக் கீழே இறங்குவாள். போன ஞாயிறும் இதே கூத்துதான், அதற்கு முந்தின ஞாயிறும் இதே கூத்துதான். புருஷனும் பெண்டாட்டியும் அடிவாரத்தில் காரவள்ளியில் இறங்குவார்கள். ஒரு டீகூடக் குடிக்காமல், மேலே ஏறுகிற பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போய்விடுவார்கள். சந்தைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை.

பக்கத்து சீட்டு அத்தாயி, மடியில் மிளகு மூட்டையோடு சாய்ந்து காதைக் கடித்தாள்.

"மாசமா இருக்குதாட்டம் இருக்குதுங்க நர்சம்மா. புள்ள வேண்டாம்னுதான் இப்படிப் போட்டு இழுத்தடிக்கறானோ என்னமோ."

இது போதாதா? தெரசா பையிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் வாந்தி மாத்திரையையும் எடுத்தாள். கம்பியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறிக் கடைசி சீட்டுக்குப் போனாள்.

"இந்தா கண்ணு, இதை மோந்து பாரு. மாத்திரையும் போட்டுக்க."

அந்தப் பெண் ஆவலோடு கையை நீட்டினாள். பழம் கைக்குப் போய்ச் சேருவதற்குள் அவன் குறுக்கே கையை வைத்துத் தடுத்துவிட்டான்.

"வேண்டாங்க. குடுக்காதீங்க."

அவ்வளவுதான். தெரசாவின் குரல் டிரைவர் வரைக்கும் கேட்டது.

"நீயெல்லாம் மனுசனா? வாயும் வயிறுமா இருக்கற பொண்ணை வாராவாரம் இழுத்துட்டு வந்து வதைக்கறே. போலீஸ்ல சொல்லி உள்ள தள்றேன் பாரு!"

"அதானே!" என்று நாலைந்து குரல் எழுந்தது. கண்டக்டர் ஈஸ்வரமூர்த்தி விசில் ஊதி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"எறங்குப்பா. நடந்து வந்தாத்தான் உனக்கெல்லாம் புத்தி வரும்."

அவன் எழுந்து இறங்கப் போனான். அவள்தான் வாயைத் துடைத்துக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவரைத் திட்டாதீங்கக்கா. நான் மாசமாவும் இல்லீங்க. நான்தான் அவரை இழுத்துட்டு வாரேன்."

அவள் பெயர் யமுனா. புருஷன் சந்தோஷ்குமாருக்கு மலைமேல் திருப்புலி நாட்டில் மிளகும் மரவள்ளியும் விவசாயம்.

"நான் பிஎச்டி முடிச்சிருக்கறனுங்க. இப்ப அதுக்கு மேல ஒரு ஆராய்ச்சி வேலை கெடைச்சிருக்குது. தென் துருவத்துப் பக்கம் கப்பல்ல ரெண்டு மாசம் இருக்கோணும். கடலுக்கு அடியில குழாயை எறக்கிச் சேறு எடுப்போம்."

"சேத்துல என்ன கண்ணு இருக்குது?" அத்தாயியும் எழுந்து வந்துவிட்டாள்.

"லட்சக்கணக்கான வருசமாப் படிஞ்ச சேறுங்க பெரீம்மா. பனிக்கட்டி மலை மலையா மெதந்து வந்து உருகறப்ப, அது சொமந்துட்டு வந்த கல்லெல்லாம் கடலுக்கு அடியில விழுந்துரும். எந்த அடுக்குல கல்லு கெடக்குதுன்னு பாத்தா, அந்தக் காலத்துல பனி எப்ப வளந்துச்சு, எப்ப கரைஞ்சுச்சுன்னு தெரியும். இனிமே எப்படிக் கரையும்னும் சொல்லலாம்."

"அதுக்கு இங்க எதுக்கு வாந்தி எடுக்கறே?" என்று கேட்டாள் தெரசா.

"முன்னாடி ஒருக்கா சின்னக் கப்பல்ல போனேன். எந்திரிக்கவே முடியாமப் பாதியில கரையில கொண்டாந்து விட்டுட்டாங்க. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா வேலை போயிரும், அப்பறம் எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க. மாத்திரை போட்டா எனக்குத் தூக்கமாச் சொக்குது. சேறு மேல வர்ற நேரத்துல தூங்கிக் கெடந்தா ஆகுங்களா? ஒடம்பைத்தான் பழக்கோணும். நம்மளுக்குக் கடல் ஏதுங்க, இந்த ரோடுதான் இருக்குது."

யமுனா புருஷன் பக்கம் கையைக் காட்டினாள்.

"நானே கெஞ்சுனாலும் எலுமிச்சம்பழம் குடுக்கக் கூடாதுன்னு அவருகிட்ட சத்தியம் வாங்கியிருக்கறேன். நான் படற பாட்டைப் பாக்க மாட்டாமத்தான் அவரு அந்தப் பக்கம் திரும்பிக்கறாரு."

தெரசா அப்போதுதான் அவனை நேருக்கு நேர் பார்த்தாள். வேடிக்கை பார்த்த கண்ணாகத் தெரியவில்லை, அழுது சிவந்திருந்தது. தன் வாயை நினைத்து அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படியும் ஒரு பெண்ணா, இப்படியும் ஒரு புருஷனா என்று நெஞ்சு நிறைந்தும் போனது. பழத்தைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

ஈஸ்வரமூர்த்தி, "உக்காரு தம்பி," என்று விசிலை ஊதினார்.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. யமுனா வெளிறிய முகத்தோடு ஏறினாள், பின்னாலேயே சந்தோஷ்குமார். மலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த வாத்தியார் ஒருவர், அவளைப் பார்த்ததும் முன் சீட்டிலிருந்து பதறி எழுந்தார்.

"இந்தப் பொண்ணுக்குப் பயணம் ஒத்துக்காது போலிருக்கே! இங்கே உட்காரும்மா."

"நீங்க உக்காருங்க சார்," என்று வழியை மறித்தாள் தெரசா. "அந்தப் பொண்ணுக்கு இங்க எடம் கெடையாது."

"என்னம்மா இது அநியாயம்? யாருமே கேட்க மாட்டீங்களா?"

எல்லாரும் மலையை வேடிக்கை பார்த்தார்கள். கண்டக்டர்கூட மும்முரமாக டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

அத்தாயி மட்டும் கடைசி சீட்டின் ஜன்னலோரத்தில் போட்டு வைத்திருந்த மிளகு மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"வா கண்ணு. நல்லாத் தூக்கிப் போடற எடமாப் பாத்துப் புடிச்சு வெச்சிருக்கறேன்."