நேர்முகத்துக்கு முதல் நாள்

"ஒண்டரை வருசம் எங்க போயிருந்தனீர்?"

மேசைக்கு அந்தப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு அருந்ததி கேட்டாள். கிளெமென்ற் அவளைப் பார்த்து முழித்தான்.

"இப்பிடி முழிச்சுக்கொண்டிருந்தா ஆர் உமக்கு வேலை தருவினம்?" அதட்டலை விட்டுவிட்டு அவள் சிரித்தாள். "முதலில இருந்து வாரும், பாப்பம்."

வெள்ளவத்தையில் அவளுடைய சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அன்று நேர்முக மண்டபம். இருவரும் கம்பஸில் ஒரே ஆய்வுகூடத்தில் நாலு வருசமாகக் கலாநிதிப் பட்டத்துக்கு மாரடிப்பவர்கள். போன மாதம் ஆய்வு மாணவர்களுக்கென்று தொழில் வழிகாட்டல் பட்டறை ஒன்று நடந்தது. போத்தல் கழுவியதை 'ஆய்வுகூட முகாமைத்துவம்' என்று சொல்லப் பழக்கும் பட்டறை. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்காகப் போனார்கள். அருந்ததி ஒருத்திதான் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கிளெமென்ற் வந்து, "புதன்கிழமை எனக்கொரு இன்டர்வியூ. எப்பிடிக் கதைக்கிறதெண்டு சொல்லித்தாரும்" என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் ஒரு கனேடியப் பல்கலைக்கழகத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தது அவளுக்குத் தெரியும். அங்கிருந்து ஆட்கள் இந்தக் கிழமை கொழும்புக்கு வருகிறார்கள் என்று பேராசிரியரும் சொல்லியிருந்தார். பிறகு வேறென்ன கேட்க இருக்கிறது?

அவன் போய்விட வேண்டும். அது ஒன்றுதான் அவளுடைய வேண்டுதல். சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டுப் பக்கம் ஆமியின் சுற்றிவளைப்பு இல்லாத கிழமை கிடையாது. அவன் தெருவிலிருந்து பொலிஸ் நாலாம் மாடிக்கு விசாரிக்கக் கொண்டுபோன இரண்டு பெடியன்களை இன்னும் காணவில்லை. நாளைக்கு இவன் ஒழுங்காகப் பதில் சொன்னால் உயிரோடு இருப்பான்.

"சமாதான நேரத்தில ஆய்வுக்காகக் கிளிநொச்சியில நிண்டனான்," என்றான் அவன். "கிணத்துத் தண்ணி சோதிச்சனான்."

"தனியவோ?"

"தனியத்தான்."

"பொய்! பத்துப் பெடியளை வைச்சு வேலை வாங்கினனான் எண்டு நீர்தானே சொன்னனீர்? 'பத்துப் பேரை வழிநடத்தினனான்' எண்டு நெஞ்சை நிமித்திச் சொல்லும். தலைமைத்துவம்! அதைத்தான் அவையள் தேடுவினம்."

"ஓம், அதைத்தான் தேடுவினம்," என்றான் கிளெமென்ற். அவன் குரலில் உற்சாகமே இல்லை.

"சரி. தண்ணியில என்ன இருந்தது?"

"உப்பு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருச உழைப்பை ஒருவன் இப்படியா உப்பில் கரைப்பான்? "உப்பாம் உப்பு! நைத்திரேற்று எண்டு வாய் நிறையச் சொல்லுமன். தோட்டத்துக்குப் போடுற உரம் கிணத்துக்குள்ள இறங்கிறதை அளந்து காட்டின ஆள் நீர்."

"விளங்காத ஆக்கள் அந்தப் பேரைக் கேட்டு வேற மாதிரி நினைச்சினமெண்டால்?"

"விளங்காட்டி விளங்கப்படுத்தும். உமக்குத் தெரியாத விசயமே?"

அவன் மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு கூச்சத்தோடு இவன் கனடாவுக்குப் போய் என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்குக் கோபமும் பாவமுமாக இருந்தது. தன்னைத் தானே குறைத்துச் சொல்லும் மனிதனுக்கு உலகம் கதிரை போட்டுக் கொடுக்காது என்று பட்டறையில் சொன்னார்கள்.

"கடைசிக் கேள்வி. உம்மை நல்லாத் தெரிஞ்ச மூண்டு பேரின்ர பேரைச் சொல்லும்."

கிளெமென்றுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பேர் கட்டாயம் சொல்லவேணுமோ?"

"பின்ன? பேர் குடுக்காதவனை ஆர் நம்புவினம்? பேராசிரியர் நாகேந்திரம் ஒண்டு. அடுத்தது நான். அருந்ததி நமசிவாயம், நாலு வருசமாப் பக்கத்து மேசை. விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் குடும்."

"உம்மட பேரை நான் சொல்லமாட்டன்."

அன்று முழுக்க அவன் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான். அருந்ததிக்குச் சுரீரென்றது. நாலு வருசம் ஒரே சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தவள். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவனுடைய மாதிரிகளையும் சேர்த்துச் சோதித்துக் கொடுத்தவள். இப்போது கனடாக்காரருக்குச் சொல்ல அவள் பெயர் காணாதாமா?

"என்ர பேருக்கு என்ன குறை?" கண் நிறைந்துவிட்டது, அவள் மறைக்கவும் இல்லை. "உமக்குப் பாவம் பாத்து இவ்வளவு நேரம் கத்தினனே, எனக்கு வேணும். எழும்பிப் போம்."

அவன் எழுந்தான். வாசலில் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். பிறகு போகாமல் அங்கேயே நின்றான்.

"நீர் கேட்ட கேள்வியளைத்தான் அவையளும் கேப்பினம், அருந்ததி. ஒருக்காக் கேட்டுப் பழகவேணும் போல இருந்தது. அதுதான் வந்தனான்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆரும் வந்து விசாரிச்சா, என்னைத் தெரியாதெண்டு சொல்லும்."

அவளுடைய கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டாள்.

"கிளெமென்ற், இன்டர்வியூ எங்க?"

"பொலிஸ் கூப்பிட்டிருக்கு. நாலாம் மாடிக்கு."